யூட்டா மாநிலத்துப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கிலுள்ள யூட்டாவுக்குப் போகப் போகிறோம் என்று உறவினர்களோ அலுவலக நண்பர்களோ சொல்லும்போதெல்லாம் ஏறத்தாழ அதே ஐயங்கள் அதே வரிசையில் வந்து சேர்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதுவதைவிட, அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களை ஓரிடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள செம்பாறை நிலத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற வடபகுதி முற்றிலும் வேறு வகையான பயணம். தூரங்களை அங்குள்ள பலகைகளில் இருப்பதுபோல மைலிலேயே தந்திருக்கிறேன். ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர்.

யூட்டாவில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாம் வெறும் பாலைவனம்தானே?

பாலைவனம்தான், ஆனால் அதைச் செதுக்கியது முழுக்க முழுக்கத் தண்ணீர். கொலராடோ பீடபூமி என்னும் உயர்ந்த பாறை நிலத்தை ஆறுகளும் உறைபனியும் திடீர் வெள்ளங்களும் அறுத்தும் பிளந்தும் உருவாக்கிய ஐந்து தேசியப் பூங்காக்கள் தென்யூட்டாவில் இருக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்காகச் சொன்னால் சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ்.

வரைபடத்தில் அடுத்தடுத்து இருந்தாலும் இவை ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சயானில் நீங்கள் பள்ளத்தாக்கின் அடியில் நின்று இருபுறமும் எழும் செங்குத்துச் சுவர்களை அண்ணாந்து பார்க்கிறீர்கள். பிரைஸில் விளிம்பில் நின்று, கீழே ஆயிரக்கணக்கில் நிற்கும் ஹூடூ என்னும் பாறைத்தூண்களைக் குனிந்து பார்க்கிறீர்கள். பாறை வெடிப்புகளில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிவதும் பகலில் உருகுவதும் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் மாறி மாறி நடப்பதால் உருவான தூண்கள் அவை. ஆர்ச்சஸில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகள் இருக்கின்றன. கேன்யன்லேண்ட்ஸில் கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் கூடுகின்றன. கேபிடல் ரீஃப் என்பது ஏறத்தாழ 100 மைல் நீளத்துக்குப் பூமியின் மேற்பரப்பே மடிந்து கிடக்கும் இடம். கூட்டம் குறைவு என்பதாலும், அங்கே குடியேறிய மோர்மன் என்னும் சமயப் பிரிவு மக்கள் நட்டுத் தொடங்கிய பழத்தோட்டங்கள் இன்றும் காய்ப்பதாலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பறிக்கும் பருவத்தில் தோட்டத்துக்குள் நின்று உண்ணும் பழத்துக்குக் காசு இல்லை. எடுத்துச் செல்வதற்கு மட்டுமே எடைபோட்டுக் கட்டணம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஏப்ரல் பாதியிலிருந்து மே இறுதிவரை, அல்லது செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் இறுதிவரை. பள்ளி விடுமுறை என்பதற்காகப் பலரும் ஜூலையில்தான் போகிறார்கள். ஜூலையில் சயான் பள்ளத்தாக்கிலும் மோவாப் நகரிலும் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமான செய்தி. அதற்கும் மேலாக, ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம் என்பதால் பிற்பகல் இடிமழையும் திடீர் வெள்ளமும் வரும்.

உயரத்தைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கும் 9,100 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கிறது. சயான் பள்ளத்தாக்கின் அடித்தளம் ஏறத்தாழ 4,000 அடி. ஆகவே ஒரே நாளில், சயானில் அரைக்கைச் சட்டையோடு புறப்பட்டவர் மாலையில் பிரைஸில் கம்பளிச் சட்டை தேடுவார். மே மாதத்தில்கூட அங்கே பனி பெய்யக்கூடும்.

எந்த விமான நிலையத்தில் இறங்குவது?

சயானும் பிரைஸும் மட்டும் என்றால் நெவாடா மாநிலத்து லாஸ் வேகஸ். அங்கிருந்து சயானுக்கு ஏறத்தாழ 160 மைல். மோவாப் பக்கம், அதாவது ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் என்றால் சால்ட் லேக் சிட்டி. அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதற்கு வாடகைக் கார் நிறுவனங்கள் கூடுதலாக வாங்குவார்கள் என்றாலும், திரும்பி வரும் ஒரு முழு நாளை மிச்சப்படுத்துவதால் அது பெரும்பாலும் தகும். லாஸ் வேகஸிலிருந்து கிழக்கே வரும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும் என்பதை, முன்பதிவு செய்த எதற்கும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஐந்து நாள்தான் விடுப்பு. ஐந்து பூங்காவையும் முடித்துவிடலாமா?

முடிக்கலாம், பார்க்க முடியாது. சயானிலிருந்து பிரைஸுக்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து கேபிடல் ரீஃபுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், அங்கிருந்து மோவாபுக்கு மறுபடியும் அதே அளவு என்று காரில் கழியும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இவை எதிலும் நடுப்பகல் நல்ல வேளை இல்லை. பாறைகளின் நிறம் உயிர்பெறுவது காலையிலும் மாலையிலும்தான். ஐந்து நாளில் ஐந்து பூங்கா என்ற திட்டம் அந்த இரு வேளைகளையும் நெடுஞ்சாலையில் செலவழிக்க வைக்கும்.

ஐந்து நாளுக்கு என் பரிந்துரை, சயானில் இரண்டரை நாள், பிரைஸில் ஒன்றரை நாள், மிச்சம் பயணம். அல்லது மோவாபில் தங்கி ஆர்ச்சஸையும், கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதியையும் நிதானமாகப் பாருங்கள். கேன்யன்லேண்ட்ஸ் ஒரே பூங்கா என்றாலும் ஆறுகள் அதைத் துண்டாக்கியிருப்பதால் உள்ளுக்குள் இணைப்புச் சாலை கிடையாது. ஐலண்ட் இன் த ஸ்கையிலிருந்து நீடில்ஸ் பகுதிக்குப் போக வெளியே வந்து இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். எட்டு, ஒன்பது நாட்கள் கிடைப்பவர்கள் பிரைஸிலிருந்து கேபிடல் ரீஃபுக்கு 12ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகவே போகட்டும். அந்தச் சாலைக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு? இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா?

வாகனக் கட்டணம் சயானுக்கும் பிரைஸுக்கும் 35 டாலர், ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் 30 டாலர், கேபிடல் ரீஃபுக்கு 20 டாலர். ஒருமுறை கட்டினால் ஏழு நாட்கள் செல்லும். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஓராண்டு அட்டை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். ஆனால் 2026 ஜனவரி 1 முதல், வசிக்காதவர்களுக்கு அதே அட்டை 250 டாலர் ஆகியிருக்கிறது. அட்டை இல்லாமல் வருகிற வெளிநாட்டவர் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர் என்றால், கூட்டம் மிகுந்த 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பதினொன்றில் சயானும் பிரைஸும் அடங்கும்; யூட்டாவின் மற்ற மூன்றும் அடங்கா.

ஆகவே வெளிநாட்டிலிருந்து நேரே வருகிறவர்கள் சயான், பிரைஸ் இரண்டுக்கும் போவதாக இருந்தால், 250 டாலர் அட்டையே சிக்கனம். அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளோடு பெற்றோர் ஒரே காரில் வரும்போது எந்த அட்டை யாருக்குச் செல்லும் என்பதை, வாசல் வரிசையில் நின்று வாதாடுவதைவிட, புறப்படும் முன் தேசியப் பூங்காச் சேவையின் தளத்தில் அப்போதைய விதியைப் படித்துத் தெளிந்துகொள்ளுங்கள். அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். டெட் ஹார்ஸ் பாயின்ட், காப்ளின் வேலி போன்றவை மாநிலப் பூங்காக்கள். அங்கே தேசிய அட்டை செல்லாது.

முன்பதிவு எதற்கெல்லாம் வேண்டும்?

தங்கும் விடுதிக்கு முதலில். மோவாபிலும், சயானின் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரிலும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் கடைசி நேரத்தில் அறை தேடுவது வீண். சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் மலைமுனைக்கும், ஆர்ச்சஸில் ஃபயரி ஃபர்னஸ் என்னும் பாறை இடுக்குகளுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆர்ச்சஸுக்குள் நுழைவதற்கே 2022 முதல் சில ஆண்டுகள் கூட்டமான மாதங்களில் நேரக்குறிப்புள்ள முன்பதிவு நடைமுறையில் இருந்தது. இது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடிய விதி என்பதால் பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

சயானின் முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில், இலவசப் பேருந்து ஓடும் மாதங்களில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. பேருந்துக்கு முன்பதிவும் இல்லை. ஆனால் வாசலில் உள்ள கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும்.

அம்மா அப்பாவால் மலை ஏற முடியாது. அவர்களை அழைத்துப் போவதில் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. பிரைஸில் சன்செட் பாயின்ட்டுக்கும் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் இடையில் அரை மைல் தூரம் தளமிட்ட, பெரும்பாலும் சமமான விளிம்புப் பாதை இருக்கிறது; அந்தப் பூங்காவின் சிறப்பில் முக்கால்வாசி அந்த அரை மைலிலேயே கிடைத்துவிடும். சயானில் பேருந்தின் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆற்றோரமாகச் செல்லும் ரிவர்சைட் வாக், போக வர 2.2 மைல். கேன்யன்லேண்ட்ஸில் கிராண்ட் வியூ பாயின்ட், ஆர்ச்சஸில் விண்டோஸ் பகுதி, இரண்டுக்கும் காரிலிருந்து சில நிமிட நடை போதும்.

நெஞ்சு நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்களுக்கு மேலே சொன்ன உயரம் ஒரு பொருட்டு. பிரைஸில் முதல் நாளே ஹூடூக்களுக்கு நடுவே இறங்கும் நவாஹோ லூப் பாதைக்கு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். இறங்குவது எளிதாக இருப்பதால் ஏற வேண்டியதை மறந்துவிடுவார்கள். அந்த உயரத்தில் ஏற்றம் இளைஞர்களையே நிறுத்தி நிறுத்தி நடக்க வைக்கும்.

தண்ணீர் எவ்வளவு எடுத்துச் செல்ல வேண்டும்? ஆளுக்கு ஒரு பாட்டில் போதாதா?

போதாது. நடைபயணம் செய்யும் நாளில் ஆளுக்கு நான்கு லிட்டர் என்பதே பூங்காக்கள் சொல்லும் அளவு. காற்று மிகவும் வறண்டிருப்பதால் வியர்வை தோலில் தங்காமல் உடனே காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே என்று எண்ணிக் குடிக்காமல் இருப்பார்கள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றலும் குமட்டலும் வரும் என்பதால், உப்புக் கடலையோ முறுக்கோ பையில் இருக்கட்டும்.

ஆர்ச்சஸில் உள்ள டெலிகேட் ஆர்ச் பாதை போக வர மூன்று மைல்தான் என்று குழந்தைகளோடு வெறுங்கையாகக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி நிழலே இல்லாத வழுவழுப்பான பாறைச் சரிவு. கோடையில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு அங்கே தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சயானில் நேரோஸ் என்னும் பாறை இடுக்கில் ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டுமாமே? நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா?

ரிவர்சைட் வாக் முடியும் இடத்தில் பாதை ஆற்றுக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வர்ஜின் ஆறுதான் பாதை. கீழிருந்து மேலே நடந்து திரும்புவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். வழக்கமான நீரோட்டத்தில் கணுக்கால் முதல் இடுப்பளவு வரை தண்ணீர் இருக்கும், ஆங்காங்கே அதற்கு மேலும் போகலாம். நீச்சல் தெரியாதவர்கள் முதல் ஒரு மைல் போய்த் திரும்பலாம். ஆழம் கூடும் இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். அடியில் உருண்டைக் கற்கள் வழுக்கும் என்பதால் ஊன்றுகோலும் பிடிமானமுள்ள காலணியும் இன்றியமையாதவை. இரண்டும் ஸ்பிரிங்டேல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

நீரோட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பாதையை மூடிவிடுவார்கள். வசந்த காலத்தில் மலைப்பனி உருகும்போது வாரக்கணக்கில் மூடியிருப்பது இயல்பு. ஏப்ரலில் போகிறவர்கள் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். 2020இல் இந்த ஆற்றில் நச்சுத்தன்மையுள்ள சயனோபாக்டீரியா கண்டறியப்பட்டது. அந்த நீரைக் குடிப்பதும் தலையை மூழ்கடிப்பதும் வேண்டாம்.

வானம் தெளிவாக இருக்கும்போது வெள்ளம் எப்படி வரும்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அங்கே தரையில் பெரும்பகுதி வெறும் பாறை. மழைநீரை உறிஞ்ச மண்ணும் இல்லை, தடுக்கச் செடிகொடியும் இல்லை. பல மைல்களுக்கு அப்பால், உங்கள் கண்ணுக்கே தெரியாத மேட்டில் அரை மணி நேரம் பெய்யும் மழை முழுவதும் வடிகால்களில் ஓடிச் சேர்ந்து, நீங்கள் நிற்கும் குறுகிய பாறை இடுக்கின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இருபுறமும் ஏற முடியாத சுவர். 1997 ஆகஸ்ட்டில், யூட்டா எல்லைக்குச் சற்றுத் தெற்கே அரிசோனாவில் உள்ள கீழ் ஆன்ட்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் இருந்த இடத்தில் அல்ல, மேலே பல மைல் தொலைவில். 2015 செப்டம்பர் 14 அன்று சயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் இறந்தார்கள்.

தேசிய வானிலைச் சேவை இந்தப் பூங்காக்களுக்கு ஒவ்வொரு நாளும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் மதிப்பிட்டு வெளியிடுகிறது: எதிர்பார்ப்பு இல்லை, சாத்தியம், வாய்ப்பு மிகுதி, எதிர்பார்க்கப்படுகிறது. முதல் படியைத் தவிர வேறு எது இருந்தாலும், அனுபவமில்லாதவர்கள் நேரோஸ் உட்பட எந்த இடுக்குக்குள்ளும் நுழையக் கூடாது என்பது என் கருத்து. பாதை திறந்திருக்கிறது என்பதற்காக ஆபத்தில்லை என்று பொருள் கொள்ள முடியாது. எச்சரிக்கை விடுக்கப்பட்ட பிறகே அதை மூடுவார்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினாலோ, குச்சிகளும் சருகுகளும் மிதந்து வந்தாலோ, இடிபோன்ற இரைச்சல் கேட்டாலோ, திரும்பி ஓட முயலாமல் அருகில் கிடைக்கும் மேட்டில் ஏறி, வெள்ளம் வடியும்வரை அங்கேயே இருங்கள்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் குலுக்கலில் சீட்டு கிடைக்கவில்லை. வேறு வழி ஏதும் உண்டா?

2022 ஏப்ரல் முதல் சங்கிலியைப் பிடித்து ஏறும் கடைசிப் பகுதிக்குச் சீட்டு கட்டாயம். பருவக் குலுக்கலில் தவறவிட்டவர்களுக்கு முந்தைய நாள் குலுக்கல் ஒன்று இருக்கிறது. அதிலும் கிடைக்காவிட்டால், சங்கிலி தொடங்கும் ஸ்கௌட் லுக்அவுட் வரை சீட்டில்லாமலே ஏறலாம்.

உண்மையில் காட்சிக்காகப் போகிறீர்கள் என்றால் அப்சர்வேஷன் பாயின்ட் அதைவிட மேல். பூங்காவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஈஸ்ட் மேசா பாதை வழியாகப் போக வர ஏறத்தாழ ஏழு மைல், பெரும்பாலும் சமதளம். அங்கிருந்து ஏஞ்சல்ஸ் லேண்டிங்கையே கீழே குனிந்து பார்க்கலாம். உயரம் கண்டால் கால் நடுங்குபவர்களைச் சங்கிலிப் பாதைக்கு வற்புறுத்தி அழைத்துச் செல்வது, அவர்களுக்கு மட்டுமன்றி எதிரே இறங்கி வருகிறவர்களுக்கும் ஆபத்து.

வாடகைக்கு எடுத்த சாதாரண காரில் போகலாமா? கைப்பேசி வரைபடம் மண்சாலையைக் குறுக்கு வழியாகக் காட்டுகிறதே?

நான் இதுவரை சொன்ன இடங்களுள் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண கார் போதும். ஈஸ்ட் மேசாவின் தொடக்கத்துக்கு மட்டும் கரடுமுரடான மண்சாலை என்பதால் உள்ளூர் வண்டியில் போய் இறங்குவது நல்லது. குறுக்கு வழியாகத் தோன்றும் மண்சாலைகளை விட்டுவிடுங்கள். அங்குள்ள களிமண், காய்ந்திருக்கும்போது கல்போல இருந்தாலும் மழைக்குப் பிறகு நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியையே வழுக்கி ஓரத்தில் தள்ளிவிடும். மண்சாலையில் ஓட்டக்கூடாது என்ற வரி பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கிறது. அங்கே வண்டி சிக்கினால் இழுவைச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

எரிபொருளை அரைத் தொட்டிக்குக் கீழே போகவிடாதீர்கள். ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர், சலைனா என்னும் ஊர்களுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ 110 மைலில் பெட்ரோல் நிலையமோ கடையோ கிடையாது. அந்தி வேளையில் மான்கள் சாலையைக் கடக்கும். வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் சாலை நடுவிலேயே நிற்கும்.

சைவ உணவு கிடைக்குமா?

மோவாபிலும், சயான் பக்கமுள்ள செயின்ட் ஜார்ஜ் நகரிலும் கிடைக்கும். இடைப்பட்ட சிற்றூர்களில் மாலை எட்டு மணிக்கு மேல் எதுவும் கிடைப்பது அரிது. மோர்மன் மக்கள் மிகுந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் அடைத்தே இருக்கும். சின்னக் குக்கரும் அரிசியும் ஊறுகாயும் எடுத்துச் செல்பவர்களைக் கேலி செய்பவர்கள் இரண்டாம் நாள் இரவு அவர்கள் அறைக் கதவைத் தட்டுவார்கள்.

எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாமா?

தேசியப் பூங்காக்களுக்குள் ஒதுக்கப்பட்ட இடத்திலோ சீட்டு பெற்றோ மட்டுமே தங்கலாம். ஆனால் பூங்காக்களுக்கு வெளியே நிலமேலாண்மைத் துறையின் கையில் பெரும் பரப்பு இருக்கிறது. தடை செய்யப்படாத இடங்களில் பொதுவாக 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். தண்ணீரும் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் இருக்காது. மோவாபைச் சுற்றிப் பல இடங்களில் மனிதக் கழிவையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வர வேண்டும். கேட்க முகம் சுளித்தாலும், பாறையில் எதுவும் மக்காது என்பதை எண்ணினால் விதியின் நியாயம் புரியும். வறண்ட ஓடைப்படுகையில் கூடாரம் போடக்கூடாது என்பதற்கான காரணம் வெள்ளம் பற்றிய பதிலில் இருக்கிறது.

பாதையை விட்டு நான்கடி தள்ளிப் படம் எடுத்தால் என்ன கெட்டுவிடும்? ஒரு சின்னக் கல்லை எடுத்தால் யாருக்குத் தெரியும்?

பாதையோரம் கரிய, பொருக்குத் தட்டிய மண்ணைக் காண்பீர்கள். அது அழுக்கு அல்ல. நுண்ணுயிர்களும் பாசிகளும் மரப்பாசிகளும் சேர்ந்து மண்ணைப் பிணைத்து வைத்திருக்கும் உயிருள்ள மேற்படலம். மண் காற்றில் பறக்காமலும் மழைநீர் சற்றேனும் தங்குவதாலும் அங்கே செடி முளைக்கிறது என்றால் அதற்கு இந்தப் படலமே காரணம். ஒருமுறை மிதித்துச் சிதைத்தால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெறும் பாறையின் மீதோ ஓடை மணலின் மீதோ நடப்பதில் பிழையில்லை.

தேசியப் பூங்காவிலிருந்து கல், செடி, எலும்பு எதையும் எடுப்பது குற்றம். ட்ரோன் பறக்கவிடுவதும் 2014 முதல் தடை. பழங்குடி மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்களைக் கேபிடல் ரீஃபில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே காணலாம். கையின் எண்ணெய்ப்பசையே அவற்றைச் சிதைக்கும் என்பதால் தொடாதீர்கள். குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

மானுமென்ட் வேலிக்கு அதே பூங்கா அட்டை செல்லுமா? கைப்பேசியில் நேரம் மாறி மாறிக் காட்டுகிறதே?

செல்லாது. யூட்டா, அரிசோனா எல்லையில் உள்ள அந்த இடம் நவாஹோ மக்களின் தன்னாட்சி நிலம். கட்டணமும் விதிகளும் அவர்களுடையவை. அங்கே மது விற்பனையோ அருந்துவதோ கூடாது, குறிக்கப்பட்ட சுற்றுச்சாலையை விட்டு விலக வழிகாட்டி வேண்டும், மனிதர்களைப் படமெடுக்க அவர்களின் ஒப்புதல் வேண்டும்.

நேரக் குழப்பத்துக்குக் காரணம், அரிசோனா மாநிலம் கோடைகால நேரமாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, நவாஹோ நிலம் பின்பற்றுகிறது, யூட்டாவும் பின்பற்றுகிறது என்பதே. கோடையில் சில மைல் ஓட்டத்தில் கைப்பேசிக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். எல்லையோரத்தில் வழிகாட்டிச் சுற்றுலா பதிவு செய்திருந்தால், எந்த நேரக்கணக்கு என்பதைப் பதிவு செய்தவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் அவசர எண்ணுக்கு அழைத்தால் போதும்தானே?

பூங்காக்களின் பெரும்பகுதியில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடையாது. 2003 ஏப்ரலில், கேன்யன்லேண்ட்ஸுக்கு அருகில் புளூஜான் கேன்யனுக்குள் தனியாகப் போன ஆரன் ரால்ஸ்டன் என்பவரின் வலக்கை ஒரு பெரும்பாறைக்கும் இடுக்கின் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாததால் தேடி வர ஆளில்லை. ஐந்து நாட்களுக்குப் பின் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஆகவே போகும் பாதையின் பெயர், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். தொலைவான பாதை என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். பூங்காவுக்கு வெளியே நடக்கும் மீட்புக்கு யூட்டாவின் மாவட்ட நிர்வாகங்கள் செலவை உங்களிடமே வசூலிக்க முடியும். அதற்கு ஈடாக மாநிலமே சிறு ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரு மீட்பு உதவி அட்டை விற்கிறது. அந்த அட்டை மீட்புப் பணியின் செலவை மட்டுமே தாங்கும், ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸையோ மருத்துவமனைக் கட்டணத்தையோ அல்ல. இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்குப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, அதில் நோயாளியை வானூர்தியில் கொண்டுசெல்லும் செலவு அடங்குகிறதா என்று அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.